சார் தட்டினார், நான் எடுத்தேன்

அரசு வண்டியும் சிவப்பு விளக்கில் நின்றே ஆக வேண்டும், மீறினால் கேமரா போடுகிற அபராதத்தை ஓட்டியவரே கட்ட வேண்டும் என்று போன மாதம் மறுபடியும் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் ஓட்டுநர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒப்பாரி. நான் ஓய்வு பெற்றவன். குழுவிலிருந்து என்னை நீக்க யாருக்கும் நேரமில்லை என்பதால் இன்னும் உள்ளேயே இருக்கிறேன். "ஏழுமலை அண்ணே, உங்க பேர்ல அத்தினி ஃபைன் கெடந்துச்சே, எப்டிண்ணே தப்பிச்சீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். "அண்ணன் மேல யாரையோ புடிச்சிட்டாரு" என்று ஒருவன் கைகூப்பும் பொம்மை வேறு போட்டிருந்தான். நான் யாரையும் பிடிக்கவில்லை. நடந்ததை ஒரே தடவை எழுதிவிட்டால், ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்கிற வேலை மிச்சம்.

காணைப் பக்கம் கரும்பு லாரியில் கிளீனராக ஏறி, அந்த லாரியிலேயே ஓட்டப் பழகி, பிறகு விழுப்புரத்தில் அரசு ஓட்டுநர் ஆனவன் நான். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். எல்லாத் துறை வண்டியும் ஒரே மாதிரிதான் ஓடியது. பல அதிகாரிகளை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒருவர் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார். இன்னொருவர் ஃபோனில் கத்திக்கொண்டே வருவார், இறங்கும்போது எனக்குக் காது அடைத்திருக்கும். யாரும் என்னிடம் "நிறுத்து", "போ" என்று வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொண்டதும் இல்லை. அதிகாரி தொண்டையைக் கனைத்தால் ஏ.சி.யைக் குறைக்க வேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்த்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். சொல்லாமலே புரிந்துகொள்பவன்தான் டிரைவர், சொன்ன பிறகு செய்ய யாரால்தான் முடியாது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. இந்தக் கதையே அந்தத் திமிரால் வந்ததுதான்.

எங்கள் வண்டியின் முன்பக்கத்தில் 'அ' என்று ஓர் எழுத்து இருக்கும். அரசு என்பதன் முதல் எழுத்து. காலையில் வந்ததும் நான் முதலில் துடைப்பது அந்த எழுத்தைத்தான், கண்ணாடியெல்லாம் அப்புறம். விழுப்புரம் நான்குமுனை சந்திப்பில் குடை நிழலில் நிற்கிற காவலர், தூரத்தில் 'அ' தெரிந்ததுமே மற்ற மூன்று பக்கத்துக்கும் கை காட்டி நிறுத்தி எங்களை அனுப்பிவிடுவார். விளக்கு என்ன நிறம் என்று நானும் பார்க்க மாட்டேன், அவரும் பார்க்க மாட்டார். சில சமயம் சல்யூட்டும் கிடைக்கும். பின் சீட் காலியாக இருந்தால் அந்த சல்யூட்டை நானே வாங்கிக்கொள்வேன்.

பிறகு கேமரா வந்தது. அதற்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்தான் தெரியும். 'அ'வைக் கண்டு அது சல்யூட்டும் அடிக்கவில்லை, கையையும் தூக்கவில்லை. படத்தோடு அபராத நோட்டீஸ் அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தது. தபால் பிரிவில் கமலக்கண்ணன் என்று ஓர் உதவியாளர் இருந்தார். எதற்கும் பதறாத ஆள். முதல் நோட்டீசுக்கு, 'மேற்படி வாகனம் அவசர அரசுப் பணி நிமித்தம் சென்றது' என்று ஒரு பதில் தயார் செய்தார். அதன் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அதையே தேதி மாற்றி அனுப்பினார். முந்தைய அதிகாரி வீட்டுக் கிரைண்டரை ரிப்பேர் கடைக்குக் கொண்டு போன அன்று விழுந்த அபராதத்துக்கும் அதே பதில்தான். "கிரைண்டர் இல்லன்னா மாவு ஏது? மாவு இல்லன்னா ஆபீசர் எப்டி வேலைக்கி வருவாரு? அவசரம்தானே?" என்பார். யாரும் கட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பக்கத்து அலுவலகங்களிலும் இதே கதைதான்.

அப்போதுதான் தன்யகுமார் சார் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. என்ன சொன்னாலும் கடைசியில் ஒரு 'பா' சேர்ப்பார். "ஃபைல் தப்பா இருக்குதுபா." அவ்வளவுதான் அவருடைய கோபம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். திண்டிவனத்தில் கூட்டம் முடிய நேரமானால் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மற்ற அதிகாரிகள் பின் சீட்டில் இடப்பக்கம் உட்காருவார்கள். இவர் மட்டும் எனக்கு நேர் பின்னால். கண்ணாடியில் பார்த்தால் அவருடைய உச்சந்தலை மட்டும் தெரியும். என் ஸ்பீடோமீட்டரைக் கண்காணிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த புதிதில் ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நான்குமுனையில் சிவப்பு. புது அதிகாரி என்ன நினைப்பாரோ என்று நிறுத்தினேன். என் தலைக்குப் பின்னால், சீட்டின் இரும்புக் கம்பியில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

கண்ணாடியில் பார்த்தேன். உச்சந்தலை கீழே குனிந்தது. எனக்குச் சட்டென்று புரிந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டுகிறது, வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், மோதிர விரலால் தட்டுகிறார். வண்டியை எடுத்தேன். சந்திப்பைத் தாண்டியதும் சார் அடுக்கடுக்காகத் தும்மினார். சாருக்குப் புழுதி ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன்.

அதற்குப் பிறகு அது எங்களுக்குள் சட்டமாகவே ஆகிவிட்டது. சிவப்பில் நிறுத்துவேன், டொக் கேட்கும், எடுப்பேன், சார் தும்முவார். காலையில் டொக் கேட்டால் கூட்டத்துக்கு நேரமாகிறது. மத்தியானம் கேட்டால் பசி. சாயங்காலம் கேட்டால் பொழுது. ஒவ்வொரு டொக்குக்கும் ஒரு காரணம் நானே கண்டுபிடித்துக்கொண்டேன். வார்த்தையே இல்லாமல் ஓர் அதிகாரியும் டிரைவரும் இவ்வளவு ஒத்துப்போவது எந்த அலுவலகத்தில் நடக்கும் என்று எனக்குப் பெருமை வேறு.

சாரை வீட்டில் இறக்கும்போது அவர் மனைவி, எங்களுக்கு மேடம், வாசலுக்கு வருவார். "இன்னா ஏழுமலை, கண்ணாடிய ஏத்திக்கினு ஓட்டக்கூடாதா? கர்ச்சீப் எல்லாம் கறுப்பு கறுப்பா வருது. ரோட்டுப் புழுதி அத்தினியும் இவரு மூக்குலதான் போவுது." நான் கண்ணாடியை ஏற்றித்தான் ஓட்டினேன். கதவு ரப்பரைக்கூட மாற்றினேன். தும்மல் நிற்கவில்லை. மேடம் சாருக்கு தினமும் ஆவி பிடிக்க வைத்தார், மிளகுக் கஷாயம் கொடுத்தார், அலர்ஜி டாக்டரிடம் அழைத்துப் போனார். சார் எல்லாவற்றையும் வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டார். என்ன பொறுமைசாலி என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

நான் ஓய்வு பெற வேண்டிய வருஷத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கடுமையான உத்தரவு வந்தது. நிலுவையில் இருக்கிற அபராதங்களுக்குப் பொறுப்பு யார் என்று விசாரிக்க வேண்டும், இனி குறுஞ்செய்தி ஓட்டுநர் ஃபோனுக்கே வரவேண்டும். கமலக்கண்ணனின் 'அவசர அரசுப் பணி' பதில்கள் எல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தன. எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். மெமோவில் ஏ, பி என்று இரண்டு உண்டு. ஏ என்றால் காதைத் திருகுவது, பி என்றால் காதையே அறுப்பது. எனக்கு வந்தது பி.

அந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. விசாரணை முடியாமல் அந்த நாள் வந்துவிட்டால் ஓய்வு கிடையாது, பென்ஷன் கிடையாது, சஸ்பெண்டில் உட்கார வேண்டியதுதான் என்று கமலக்கண்ணன் நிதானமாக விளக்கினார். வாழ்க்கை முழுக்க ஒரு கோழியைக்கூட மோதாமல் ஓட்டியவன் நான். அன்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதே விட்டேன்.

வீட்டில் என் மனைவி கலா ஒரே பிடியாகப் பிடித்தாள். "சார் தட்னாரு, நான் எடுத்தேன்னு சொல்ல வேண்டிதானே? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"சார மாட்டி வுட்டுட்டா அவருக்கு ப்ரமோஷன் போயிடும்டி."

"உனக்கு பென்ஷன் போவுதே, அத்த யாரு பாக்கறது?"

 ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். என் வாயால் சார் பெயரைச் சொல்ல மாட்டேன். அவரே உண்மையைச் சொல்லிவிடுவார், அப்படிப்பட்ட மனுஷன்தான் என்று நம்பினேன்.

விசாரணை திண்டிவனத்தில். சார் சாட்சி, நான் குற்றவாளி, இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனோம். வேறு வண்டி இல்லை.  திண்டிவனம் எல்லைக்கு வந்தபோது சார் மெல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஏழுமலை, மறைக்காம சொல்லிடுபா. வூட்ல ஏதாச்சும் பிரச்சினையா இருந்திருக்கும், அவசரமா போயிருப்ப. நானும் எடுத்துச் சொல்றேன்."

 எனக்கு என்ன அவசரம்? தட்டியது இவர், இப்போது கையைக் கழுவுகிறார்! நல்லவர் என்று நம்பினேனே என்று நெஞ்சு எரிந்தது. ஊருக்குள் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தது. நிறுத்தினேன்.

டொக்.

சிவப்பில் போனதற்கு விசாரணை. அதற்குப் போகிற வழியிலும் தட்டுகிறார் மனுஷன்! வந்த ஆத்திரத்தில் ஒரே மிதி மிதித்தேன். பின்னால் சார் தும்மிக்கொண்டே வந்தார். அன்றைக்கு நான் கண்ணாடியை ஏற்றவில்லை.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் சின்னவர், சிரிக்காத முகம். கேமராப் படங்களைக் கலரில் எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பியிருந்தார். எல்லாப் படத்திலும் நான் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் படத்திலும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு தலை நீண்டிருந்தது. கண் மூடி, வாய் திறந்து, மூக்கு சுருங்கி.

"பின்னாடி யாரு இது? அழுவுறாரா?"

"நான்தாம்மா. தும்முறேன்" என்றார் சார்.

"எல்லா போட்டோலயுமா?"

சார் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். விசாரணை மேடம் என் பக்கம் திரும்பினார். "ஏழுமலை, நேரடியா கேக்கறேன். நீங்களா போனீங்களா, யாராச்சும் போவச் சொன்னாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் சட்டைப் பையில் ஃபோன் 'டிங்' என்றது. அந்த அறையில் அது கோயில் மணி போலக் கேட்டது. மேடம் கையை நீட்டினார். கொடுத்தேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"சிக்னல் ஜம்ப். திண்டிவனம். இப்பத்தான்." கண்ணை நிமிர்த்தினார். "என்கொயரிக்கு வர்ற வழியிலயா?"

என் பிடிவாதம் எல்லாம் அந்த இடத்தில் உடைந்தது. "நான் இன்னா மேடம் பண்றது? சார் தட்னாரே!" என்று கத்திவிட்டேன்.

சார் துள்ளி எழுந்தார். "நானா? எங்கபா தட்னேன்?"

"சீட்டுக் கம்பியில சார்! டொக்குன்னு! அன்னிலேர்ந்து இன்னி வரிக்கும் தட்டிக்கினுதானே இருக்கீங்க! தட்னா எடுக்கணும்னு அர்த்தம், நான் எடுக்கறேன்!"

சார் முகம் வெளுத்தது. மெதுவாக உட்கார்ந்தார். சட்டைக்குள், பனியனுக்கும் உள்ளே கையை விட்டு ஒரு சின்ன வெள்ளி டப்பாவை எடுத்து, கலர் படங்களுக்கு நடுவில் வைத்தார்.

"பொடி" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"மூக்குப்பொடிம்மா. வூட்ல தெரியாது. இந்த மூடி கொஞ்சம் டைட்டு. எதுலயாச்சும் தட்டினாத்தான் தொறக்கும். வண்டி ஓடும்போது தொறந்தா கொட்டிடும். சிக்னல்ல நிக்குமேன்னு காத்துக்கினு இருப்பேன். தட்டித் தொறப்பேன். ஒரு சிட்டிகை எடுத்து மூக்குகிட்ட கொண்டு போவேன்..." என்னைக் கைகாட்டினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "இந்த மனுஷன் எடுத்துடுவாரு! அத்தினியும் கண்ணுக்குள்ள! ஒரு வாட்டியாச்சும், ஒரே ஒரு வாட்டியாச்சும் நிம்மதியா பொடி போட வுட்டதில்லம்மா!"

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது.

"சொல்லியிருக்கலாமே சார்!" என்றேன். 

"எப்டிபா சொல்றது? தினமும் என் சம்சாரத்துகிட்ட பேசற ஆளு நீ. வாய் தவறி சொல்லிட்டா? அதுவும் இல்லாம, நீ பெரிய கோவக்காரன், நிக்கவே புடிக்காத ஆளுன்னு நெனச்சேன். உங்கிட்ட வம்பு எதுக்குன்னு பயந்துக்கினு இருந்தேன்பா."

என்னைப் பார்த்து ஓர் அதிகாரி பயந்திருக்கிறார்! எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல் இருக்கவேதான் அந்த இடத்தில் உட்கார்ந்து! வாசனையாவது வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு லாரிக் காலத்திலிருந்தே சைனஸ். என் மூக்கு கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான் உதவும்.

மேடம் ஒருவழியாகத் திரும்பினார். "ஒரே வண்டியில இத்தினி காலம் போய்க்கினு இருந்தீங்களே, ரெண்டு பேரும் பேசவே மாட்டீங்களா?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

அடுத்து அறிக்கை எழுத வேண்டும். மேடம் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார். 'அலுவலர் தமது சொந்த உபயோகத்துக்கான டப்பாவைத் திறக்கும் பொருட்டு எழுப்பிய ஓசையை, வாகனத்தை நகர்த்துவதற்கான உத்தரவு என ஓட்டுநர் தவறாகப் பொருள் கொண்டார்.' எனக்கு உயிர் வந்தது. மேடம் பேனாவைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"இது நிக்காது. என்ன டப்பா, உள்ள என்ன இருந்துச்சுன்னு மேல கேப்பாங்க. கேட்டு, நாம பதில் போட்டு, அது போயி வர்றதுக்குள்ள இவரு ரிட்டயர்மென்ட் தேதி தாண்டிடும்." சாரைப் பார்த்தார். "மூக்குப்பொடின்னு போட்டா இன்னிக்கே முடிச்சிடலாம். காப்பி உங்க ஆபீசுக்கு வரும். எல்லாரும் படிப்பாங்க."

எங்கள் அலுவலகத்தில் ஒருத்தர் படித்தால் விழுப்புரமே படித்த மாதிரி. சார் வீட்டு மேடம் காதுக்கு அது சாயங்காலத்துக்குள் போய்விடும். சார் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம் சார், எனக்கு வர்றது வரட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"பொடின்னே போடுங்கம்மா" என்றார் சார். "கொட்டை எழுத்துல போடுங்க."

திரும்பும்போது எனக்குக் கண் கலங்கி ரோடு சரியாகத் தெரியவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை தாங்கிக்கொண்டேன், பிறகு "மன்னிச்சிடுங்க சார்" என்றேன். "பாத்து ஓட்டுபா" என்றார். நான்குமுனையில் சிவப்பு. நிறுத்தினேன். டொக் கேட்டது. அசையவில்லை. பின்னால் நீளமாக ஒரு மூச்சை இழுக்கிற சத்தம், அதன் பிறகு ஒரு 'ஆஹா'. தும்மல் இல்லை. பச்சை விழுந்தும் நான் நின்றேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். "முடிஞ்சுதா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

அன்று சாப்பிட உட்காருவதற்கு முன்னால் சாரே வீட்டில் சொல்லிவிட்டார். மேடம் கத்தவில்லையாம். ஆவி பிடிப்பதையும் கஷாயத்தையும் நிறுத்தவும் இல்லை. முன்னே மருந்தாகக் கொடுத்தது, இப்போது தண்டனையாகத் தொடர்ந்தது. எனக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. சாருக்கும் ஓர் எச்சரிக்கை வந்தது, ப்ரமோஷன் தப்பியது. சேர்ந்திருந்த அபராதத்தை நானும் சாரும் பாதிப் பாதியாகக் கட்டினோம். கட்டிய ரசீதை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் கமலக்கண்ணன் முதல்முறையாகப் பதறினார்.

மாதக் கடைசி நாளில் மாலை போட்டு அனுப்பினார்கள். ஓய்வு பெறுகிறவரை அலுவலக வண்டியில் வீட்டில் கொண்டு போய் விடுவது வழக்கம். எத்தனையோ பேரை அப்படிக் கொண்டு போய் விட்டவன் நான். என்னைக் கொண்டு விட டிரைவர் இல்லை, புது ஆள் இன்னும் வரவில்லை. "நான் ஓட்டறேன்பா" என்றார் சார். அதிகாரி ஓட்டலாமா என்று கமலக்கண்ணன் விதியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். என்னை அவருக்கு நேர் பின்னால் உட்கார வைத்தார். அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மாலை கழுத்தை உறுத்தியது, எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

நான்குமுனையில் சிவப்பு. சார் கோட்டுக்கு முன்னாலேயே அழகாக நிறுத்தினார். பையிலிருந்து வெள்ளி டப்பாவை எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"ஏழுமலை, கொஞ்சம் தொறந்து குடுபா."

வாங்கினேன். மூடியைத் திருகிப் பார்த்தேன், நிஜமாகவே டைட்டு. சீட்டுக் கம்பியில் ஒரு தட்டு தட்டினேன்.

டொக்.

சார் வண்டியை எடுத்துவிட்டார்.

டப்பா திறந்துகொண்டது. பொடி மொத்தமும் என் மூஞ்சியில். வாசனையே தெரியாத என் மூக்குக்குக் காரம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. சந்திப்பைத் தாண்டியும் தும்மினேன், ரயில்வே கேட் வரைக்கும் தும்மினேன். "இன்னா சார்!" என்று தும்மலுக்கு நடுவில் கேட்டேன்.

"நீதான்பா தட்டின. அவசரமோன்னு நெனச்சேன்" என்றார். உச்சந்தலை குலுங்கிக் குலுங்கி ஆடியது.

வீட்டு வாசலில் இறங்கும்போது என் ஃபோன் 'டிங்' என்றது. அலுவலகத்தில் இன்னும் நம்பரை மாற்றவில்லை. அபராதச் செய்தியோடு வந்த படத்தில் சார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிறார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் மாலையோடு என் தலை, கண் மூடி, வாய் திறந்து. வழியனுப்பு விழாவில் எடுத்த படங்கள் எதிலும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இல்லை. அதனால் இதைப் பிரிண்ட் போட்டு, பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். அந்த அபராதத்தில் பாதியைக் கொடுக்க சார் வீட்டுக்கே வந்தார். நான் வாங்கவில்லை, முழுசும் நானே கட்டினேன். தட்டினது நான்தானே.